போர்க்கால உளவு நாவல்கள்: எங்கே தொடங்கி, எப்படிப் படிப்பது?

1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் இறங்கின. அடுத்த பதினொரு மாதத்தில் ஐரோப்பாவில் போர் முடிந்தது. பள்ளிக்கூடத்திலேயே படித்த விஷயம். அப்படியிருக்க, அந்தத் தரையிறக்கத்தின் ரகசியம் ஒரு ஜெர்மன் உளவாளிக்குத் தெரிந்துவிட்டது, அவன் அதை பெர்லினுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறான் என்று ஒரு நாவல் சொன்னால் நாம் ஏன் பதற வேண்டும்? ஹிட்லர் தோற்றுவிட்டார் என்றுதான் தெரியுமே. ஆனாலும் பதறுகிறோம். ராத்திரி ஒரு மணிக்கு மேலும் விளக்கை அணைக்க மனசு வராமல் பக்கத்தைப் புரட்டுகிறோம். போர் எப்படி முடிந்தது என்று நமக்குத் தெரியும், கதைக்குள் இருக்கும் ஆளுக்குத் தெரியாது. அந்த ஒரு மனிதர் பிழைத்தாரா என்பது நம் வரலாற்றுப் பாடத்தில் இல்லை. இந்த வகை நாவலின் ஈர்ப்பே இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

மாத நாவல்களில் துப்பறியும் கதை படித்து வளர்ந்தவர்கள் ஒரு வித்தியாசத்தை உடனே உணர்வார்கள். துப்பறியும் கதையில் கேள்வி ‘யார் செய்தது?’ என்பது. இங்கே ஆள் யாரென்று பெரும்பாலும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். எப்போது மாட்டுவான், எந்தச் சின்ன விஷயத்தால் மாட்டுவான் என்பதுதான் கேள்வி. அதனால் படிக்கிற முறையும் கொஞ்சம் மாற வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது.

முதல் படி: ஒரே ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இரண்டாம் உலகப் போர் முழுவதையும் தெரிந்துகொண்டுதான் நாவலுக்குப் போக வேண்டும் என்றால் யாரும் போகவே முடியாது. ஒரு சம்பவம் போதும். நான் சொல்வது நார்மண்டித் தரையிறக்கத்துக்கு முன் நடந்த ஏமாற்று வேலை.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடல் மிகக் குறுகலாக இருப்பது டோவருக்கும் கலேவுக்கும் இடையில், சுமார் 33 கிலோமீட்டர். படை அங்கேதான் வரும் என்று ஜெர்மானியர் எதிர்பார்த்தார்கள். அந்த எதிர்பார்ப்பை ஊட்டி வளர்ப்பதுதான் ‘ஆபரேஷன் ஃபார்ட்டிடியூட்’. இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஒரு பெரிய அமெரிக்கப் படைத்தொகுதி இருப்பதாகக் காட்டினார்கள். அதற்குத் தளபதி என்று ஜெனரல் பேட்டனின் பெயரைப் பரப்பினார்கள். போலிப் படகுகளையும் காற்றடைத்த ரப்பர் டாங்கிகளையும் நிறுத்தினார்கள். இல்லாத படைப்பிரிவுகள் ஒன்றோடொன்று வானொலியில் பேசிக்கொண்டிருந்தன.

இதில் மையமான ஆள் ஹுவான் புஜோல் கார்சியா. பார்சிலோனாக்காரர். லிஸ்பனில் உட்கார்ந்துகொண்டு, இங்கிலாந்தில் இருப்பதாக ஜெர்மானியரை நம்பவைத்து, வழிகாட்டிப் புத்தகங்களைப் பார்த்தே அறிக்கை எழுதி அனுப்பியவர். 1942-இல் பிரிட்டிஷ்காரர்கள் அவரை உண்மையிலேயே இங்கிலாந்துக்குக் கூட்டிவந்து, ‘கார்போ’ என்று பெயர் வைத்து இரட்டை உளவாளியாக நடத்தினார்கள். அவருக்குக் கீழே 27 உளவாளிகள் வேலை செய்வதாகக் கணக்கு. 27 பேரும் கற்பனை. ஜெர்மானியரின் பணம் அந்த 27 பேருக்கும் சேர்த்தே வந்துகொண்டிருந்தது. தரையிறக்கம் நடந்து மூன்று நாள் கழித்து, ஜூன் 9 அன்று, ‘நார்மண்டி வெறும் திசைதிருப்பல், உண்மையான தாக்குதல் கலேவில்தான்’ என்று அவர் செய்தி அனுப்பினார். ஜெர்மனியின் 15-ஆவது படை கலே பக்கமே நிறுத்திவைக்கப்பட்டது. ஜெர்மனி அவருக்கு இரும்புச் சிலுவைப் பதக்கம் அளித்தது. அதே ஆண்டு பிரிட்டனும் ஒரு விருது கொடுத்தது.

திருக்குறளில் ஒற்றாடல் அதிகாரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார்க்க வேண்டும், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல்வது ஒத்திருந்தால் நம்பலாம் என்கிறார் வள்ளுவர். ஜெர்மானியரும் ஏறக்குறைய இதைத்தான் செய்தார்கள். பல வாய்கள் ஒரே செய்தியைச் சொல்லின. ஆனால் பிரிட்டனில் இருந்த அந்த வாய்கள் எல்லாம் எதிரி உளவாளிகளைப் பிடிக்கும் பிரிட்டிஷ் அமைப்பான எம்ஐ5 என்ற ஒரே இடத்திலிருந்து பேசின. நாவலாசிரியர்களுக்கு இதைவிட நல்ல களம் கிடைக்காது. ஏனென்றால் உடனே ஒரு கேள்வி எழுகிறது: எம்ஐ5 பிடியில் சிக்காத ஓர் உளவாளி, ஒரே ஒருவன், அங்கே இருந்திருந்தால்?

இரண்டாம் படி: யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதற்கு அரை மணி நேரம் போதும். எம்ஐ5 என்பது பிரிட்டனுக்குள் எதிரி உளவாளிகளைப் பிடிக்கும் அமைப்பு. எம்ஐ6 வெளிநாடுகளில் உளவு பார்க்கும் அமைப்பு. எஸ்ஓஈ 1940-இல் தொடங்கப்பட்டது. ஜெர்மானியர் பிடித்துவைத்த நாடுகளில் பாலம் தகர்ப்பது, ரயில் கவிழ்ப்பது, உள்ளூர்ப் போராளிகளுக்கு ஆயுதம் கொடுப்பது அதன் வேலை. அமெரிக்கர்களின் உளவு அமைப்பு ஓஎஸ்எஸ். ஜெர்மனி பக்கம் ஆப்வேர் என்பது ராணுவ உளவுத்துறை, அதன் தலைவர் அட்மிரல் கனாரிஸ். கெஸ்டாபோ ரகசியப் போலீஸ். எஸ்டி என்பது நாஜிக் கட்சியின் எஸ்எஸ் அமைப்புக்குள் இருந்த உளவுப் பிரிவு. ஆப்வேருக்கும் எஸ்டிக்கும் ஆகாது. இந்தப் பகையை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பல நாவல்களில் திருப்பம் இங்கிருந்துதான் வருகிறது. கனாரிஸே கடைசியில், 1945 ஏப்ரலில், தன் நாட்டவர் கையாலேயே தூக்கிலிடப்பட்டார்.

ராணுவப் பதவிப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். யார் யாருக்கு உத்தரவு போடுகிறார் என்பது பேச்சிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: முதல் புத்தகம்

தயங்காமல் கென் ஃபாலெட்டின் ‘ஐ ஆஃப் த நீடில்’. 1978-இல் வந்தது, அடுத்த ஆண்டு சிறந்த நாவலுக்கான எட்கர் விருது பெற்றது. வாக்கியங்கள் சின்னவை. தமிழ் வழியில் படித்து, பிறகு சொந்த முயற்சியில் ஆங்கிலம் பழகியவர்களுக்கும் அகராதியை அடிக்கடி புரட்ட வேண்டியிருக்காது. பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பாருங்கள். சென்னையில் மூர் மார்க்கெட் அல்லிக்குளம் பக்கம் போகிறவர்கள் ஃபாலெட், ஜாக் ஹிக்கின்ஸ், அலிஸ்டர் மக்லீன் மூவரையும் ஒரே அடுக்கில் பார்த்திருப்பார்கள்.

கதை நாம் மேலே பார்த்த கேள்விதான். ஃபேபர் என்ற ஜெர்மன் உளவாளி பிரிட்டிஷ்காரர் கையில் சிக்கவில்லை. 1944-இல் அவன் அந்தப் போலிப் படைமுகாமை நேரில் பார்த்துவிடுகிறான். விமானங்கள் ஒட்டுப்பலகை என்று தெரிந்துவிடுகிறது. இங்கே படை இல்லை என்றால் தாக்குதல் கலேவில் இல்லை. புகைப்படங்களோடு ஸ்காட்லாந்து போய், காத்திருக்கும் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலில் ஏற வேண்டும். அவ்வளவுதான் அவன் வேலை. துரத்துகிறவர்களில் ஒருவர் இடைக்கால வரலாற்றுப் பேராசிரியர்.

முதல் அத்தியாயத்தை மட்டும் மெதுவாகப் படியுங்கள். 1940, லண்டனில் ஒரு வாடகை வீடு. வீட்டுக்காரி கணவனை இழந்தவள், தனிமை. மாடியறையில் குடியிருக்கும் அமைதியான மனிதன் மேல் அவளுக்கு ஆசை. தன்னிடம் இருக்கும் சாவியால் கதவைத் திறந்து உள்ளே வருகிறாள். அவன் வானொலியில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறான். அவள் பார்த்தது என்ன என்று அவளுக்கே புரிவதற்குள் அவன் மெல்லிய கத்தியை எடுத்துவிடுகிறான். கொன்ற பிறகு அவன் செய்வதைக் கவனியுங்கள்: போலீஸ் இதை உளவு விவகாரமாக நினைக்காமல் வேறு குற்றமாக நினைக்கும்படி அறையை அமைக்கிறான். அந்தச் சில பக்கங்களுக்குள் ஆசிரியர் இரண்டு காரியம் முடித்துவிடுகிறார். இவன் எவ்வளவு கெட்டிக்காரன் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. இவன் வழியில் குறுக்கே வருகிற எந்தச் சாதாரண மனிதருக்கும் என்ன நடக்கும் என்பதும் தெரிந்துவிடுகிறது. அதற்கப்புறம் ஒரு தீவில் ஓர் இளம்பெண் சமையல் செய்கிற காட்சிகூட நமக்கு அமைதியாக இருக்காது.

முதல் ஐம்பது பக்கங்களில் உளவாளி, பேராசிரியர், தீவில் வாழும் தம்பதி என்று கதை தனித்தனியாகப் போகும். பதறாதீர்கள். பெயர்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அடையாளத்துக்குச் செருகி வையுங்கள். பிரிட்டனின் வரைபடம் ஒன்றை செல்பேசியில் திறந்து, லண்டனிலிருந்து அபர்டீன் வரை அவன் போகிற வழியில் விரல் வைத்துக்கொண்டே போங்கள். தூரம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் நேரம் போதாது என்பது உறைக்கும். புத்தகத்தைப் பற்றி இணையத்தில் மட்டும் தேடாதீர்கள், முடிவு தெரிந்துவிடும்.

நான்காம் படி: வானொலியையும் சீருடையையும் கவனியுங்கள்

இந்த நாவல்களில் துப்பாக்கிச் சண்டையைவிட அதிகம் பயமுறுத்துவது ஒரு மனிதன் தந்திச் சாவியைத் தட்டிக்கொண்டிருக்கும் காட்சி. ஏன் என்று புரிய, அந்தக் கருவி எப்படி வேலை செய்தது என்று தெரிய வேண்டும்.

எஸ்ஓஈ ஆட்கள் கொண்டுபோன வானொலிக் கருவி ஒரு சூட்கேஸுக்குள் இருந்தது. அதிகம் பயன்பட்ட ஒரு வகை ஏறக்குறைய 15 கிலோ எடை. நீளமான ஏரியல் கம்பியை யார் கண்ணிலும் படாமல் கட்ட வேண்டும். செய்தியை முதலில் சங்கேதமாக்கி, அப்புறம் மோர்ஸ் தந்திக் குறியீட்டில் எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டும். தட்டத் தொடங்கிய நொடியிலிருந்து ஜெர்மானியர் அலைவரிசையைப் பிடித்து, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கணித்து, வண்டிகளில் நெருங்கிவருவார்கள். செய்தி நீளமானால் ஆபத்து. அவசரமாகத் தட்டினால் பிழை, பிழையானால் லண்டன் மறுபடி அனுப்பச் சொல்லும்.

ஒவ்வொருவர் தட்டும் விதமும் கையெழுத்து மாதிரி தனி. அதோடு, பிடிபடவில்லை என்று தெரிவிப்பதற்காக முன்கூட்டியே பேசிவைத்த ஒரு பிழை செய்தியில் இருக்க வேண்டும். அந்தப் பிழை இல்லாவிட்டால் ஆள் எதிரி கையில் என்று அர்த்தம். இப்போது உண்மையில் நடந்ததைப் பாருங்கள். 1942 மார்ச்சில் நெதர்லாந்தில் ஹூப் லாவர்ஸ் என்ற எஸ்ஓஈ வானொலியாளர் பிடிபட்டார். ஆப்வேர் அதிகாரி கிஸ்கெஸ் அவரை வைத்தே லண்டனுக்குச் செய்தி அனுப்பவைத்தார். லாவர்ஸ் சம்மதித்து உட்கார்ந்தார், காரணம் அவருக்கு அந்தப் பிழையின் மேல் நம்பிக்கை. பேசிவைத்த பிழையை விட்டுவிட்டுத் தட்டினார். லண்டன் புரிந்துகொள்ளும் என்று காத்திருந்தார். லண்டன் அதைப் பொருட்படுத்தவே இல்லை. அடுத்த ஆட்களை எந்த இடத்தில் இறக்குவது என்று பதில் வந்தது. ஒருவர் பின் ஒருவராக ஐம்பதுக்கும் மேற்பட்டோர் நேராக ஜெர்மானியர் கையில் வந்து இறங்கினார்கள். பெரும்பாலானோர் உயிரோடு திரும்பவில்லை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, நாவலில் லண்டனில் ஒரு குமாஸ்தா செய்தித் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்த மேஜைக்கு நகர்த்துகிற சின்ன வரியைக்கூட உங்களால் சாதாரணமாகத் தாண்ட முடியாது.

நூர் இனாயத் கானைப் பற்றியும் படித்துவிடுங்கள். திப்பு சுல்தான் வழிவந்தவர். மாஸ்கோவில் பிறந்து பாரிசில் வளர்ந்தவர், குழந்தைகளுக்காக ஜாதகக் கதைகளை எழுதியவர். 1943 ஜூனில் எஸ்ஓஈ வானொலியாளராக பிரான்சில் இறங்கினார். சில நாட்களிலேயே அவருடைய குழு முழுக்கப் பிடிபடத் தொடங்கியது. திரும்பி வரச் சொன்னபோது மறுத்தார். அக்டோபரில் கைதானார், 1944 செப்டம்பரில் ஜெர்மனியின் டாகாவ் வதைமுகாமில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் அனுப்பிய பழைய செய்திகளை எழுதிவைத்த நோட்டு ஜெர்மானியரிடம் சிக்கி, அவருடைய கருவியை வைத்தே அவர்கள் லண்டனை ஏமாற்றினார்கள். நாவல்களில் வரும் பெண் வானொலியாளர்களைப் படிக்கும்போது எனக்கு இவர் நினைவு வராமல் இருந்ததில்லை.

சீருடை விஷயம் சுருக்கமானது. போர்ச் சட்டப்படி சீருடையில் பிடிபட்டால் போர்க்கைதி. சாதாரண உடையில் உளவு பார்த்துப் பிடிபட்டால் மரண தண்டனை விதிக்கலாம். 1941 ஜனவரி கடைசியில் ஜோசஃப் யாக்கப்ஸ் என்ற ஜெர்மன் உளவாளி பாராசூட்டில் இங்கிலாந்தில் குதித்தபோது கணுக்கால் முறிந்தது. எழுந்திருக்க முடியாமல், உதவிக்கு வானத்தை நோக்கிச் சுட்டார். பிடித்தார்கள். அந்த ஆகஸ்டில் லண்டன் கோபுரத்தில் நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள். ஜாக் ஹிக்கின்ஸின் ‘த ஈகிள் ஹேஸ் லாண்டட்’ நாவலில், சர்ச்சிலைக் கடத்த வரும் ஜெர்மன் வீரர்கள் போலந்துச் சீருடைக்கு உள்ளே தங்கள் சொந்தச் சீருடையையும் போட்டிருப்பது இதனால்தான். அதை இரண்டாவது புத்தகமாக வைத்துக்கொள்ளலாம். எதிரிப் பக்கத்து ஆள்மேல் நமக்கே பரிவு வருவது அந்தப் புத்தகத்தில் நன்றாக நடக்கிறது.

ஐந்தாம் படி: போர் நடக்கும்போதே எழுதியவர்களிடம் போங்கள்

இங்கே ருசி மாறுகிறது. ஃபாலெட்டும் ஹிக்கின்ஸும் எழுபதுகளில் எழுதியவர்கள், முடிவு தெரிந்தவர்கள். எரிக் ஆம்ப்ளரின் ‘ஜர்னி இன்டு ஃபியர்’ 1940-இல் வந்தது. கிரஹாம் கிரீனின் ‘த மினிஸ்ட்ரி ஆஃப் ஃபியர்’ 1943-இல் வந்தது. கிரீன் அதை எம்ஐ6 ஊழியராக ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் இருந்தபோது எழுதினார். யார் ஜெயிப்பார்கள் என்று இவர்களுக்கே தெரியாது. அது பக்கங்களில் தெரிகிறது. நாயகர்கள் கத்தி பிடித்தவர்கள் இல்லை. ஆம்ப்ளரிடம் ஓர் ஆயுத நிறுவன இன்ஜினியர், இஸ்தான்புல்லிலிருந்து கப்பலில் ஊர் திரும்பப் பார்க்கிறவர். கிரீனிடம் குண்டு விழும் லண்டனில் ஒரு தர்மக் கண்காட்சியில் கேக் ஒன்றைப் பரிசாக ஜெயிக்கிற சாதாரண மனிதர். அந்தக் கேக்குக்காக அவரைக் கொல்ல வருகிறார்கள்.

இவை வேகமாகப் போகாது. ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம் போதும். சாமர்செட் மாமின் ‘ஆஷெண்டன்’ இன்னும் மெதுவானது. முதல் உலகப் போரில் சுவிட்சர்லாந்தில் தானே உளவு வேலை பார்த்த அனுபவத்தில் எழுதியது, 1928. உளவு வேலையின் பெரும்பகுதி காத்திருப்புதான் என்பதை அவர் அளவுக்கு நேர்மையாகச் சொன்னவர்கள் குறைவு. இதை முதல் புத்தகமாக எடுத்தால் சலித்துப்போகும். நாலாவது ஐந்தாவதாக எடுத்தால் பிடித்துப்போகும். காசு செலவழிக்காமல் பழைய ருசி பார்க்க வேண்டும் என்றால் ஜான் பக்கனின் ‘த தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்’ குட்டன்பர்க் தளத்தில் இலவசம். சின்னப் புத்தகம், ஒரே ஓட்டம்.

சங்கேத உடைப்பில் ஆர்வம் உள்ளவர்கள் ராபர்ட் ஹாரிஸின் ‘எனிக்மா’வை எடுக்கலாம். அதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருந்தால் நல்லது: 1942 பிப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் செய்தியைச் சங்கேதமாக்கும் எனிக்மா இயந்திரத்தில் நாலாவது சுழல்சக்கரம் சேர்த்தன, பிரிட்டிஷ் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் அந்தக் கப்பல்களின் செய்திகளைப் பத்து மாதம் படிக்க முடியவில்லை. மத்தியதரைக் கடலில் மூழ்கிக்கொண்டிருந்த யு-559 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் இறங்கி, சங்கேதப் புத்தகங்களை வெளியே கொடுத்துவிட்டு பிரிட்டிஷ் கடற்படையினர் இருவர் உயிர்விட்டார்கள். அவற்றை வாங்கி மேலே கொடுத்த டாமி பிரவுன் கப்பல் கேன்டீன் பையன், வயது 16.

ஆறாம் படி: நாவலுக்குப் பக்கத்தில் உண்மையையும் வையுங்கள்

ஒரு நாவல் முடித்ததும் அதன் பின்னணியில் நடந்ததைத் தேடிப் படியுங்கள். எது நிஜம், எங்கே ஆசிரியர் கையை வைத்தார் என்று பார்ப்பது தனி இன்பம். ‘ஆபரேஷன் மின்ஸ்மீட்’ இதற்கு அருமையான உதாரணம். 1943 ஏப்ரல் 30 அன்று ஒரு பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் ஸ்பெயின் கடற்கரைக்கு அருகே ஒரு சடலத்தைக் கடலில் விட்டது. மேஜர் வில்லியம் மார்ட்டின் என்று பெயர். உடையோடு சங்கிலியில் கட்டிய பெட்டியில், அடுத்த தாக்குதல் கிரீஸிலும் சார்டினியாவிலும் என்று நம்பவைக்கும் கடிதங்கள். சட்டைப்பையில் காதலியின் கடிதங்கள், மோதிரம் வாங்கிய ரசீது, நாடக டிக்கெட்டின் பாதி, வங்கிக் கடனைக் கட்டச் சொல்லும் கடிதம். அப்படி ஒரு மேஜரே கிடையாது. ஜூலையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியது சிசிலியில்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? 1939-இல் பிரிட்டிஷ் கடற்படை உளவுப் பிரிவில் ஏமாற்று வேலைகளுக்கென்று ஒரு பட்டியல் தயாரித்தார்கள். சடலத்தில் போலி ஆவணம் வைக்கும் யோசனை அதில் இருந்தது, பேசில் தாம்சன் என்பவரின் துப்பறியும் நாவலில் படித்தது என்ற குறிப்போடு. நாவலில் வந்த தந்திரம் போரில் நடந்தது. போருக்குப் பின் அதிலிருந்து மறுபடி நாவல் பிறந்தது. இவற்றைப் பொழுதுபோக்குப் புத்தகம் என்று ஒதுக்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஏழாம் படி: நம் கடல் பக்கமும் பாருங்கள்

ஐரோப்பாவில் ஐந்தாறு புத்தகம் முடித்த பிறகு கிழக்கே திரும்புங்கள். போர் நம்மையும் தொட்டது. கொழும்பில் ஜப்பானியக் கடற்படைச் செய்திகளை ஒட்டுக்கேட்கும் நிலையம் இயங்கியது. ஜப்பானியர் பிடித்துவைத்திருந்த மலாயாவின் பினாங்கில் இந்திய இளைஞர்களுக்கு உளவுப் பயிற்சி கொடுத்தார்கள். 1942 செப்டம்பரில் அவர்களில் சிலர் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபார் கரையில் தானூரில் இறங்கினார்கள், பிடிபட்டார்கள். வக்கம் அப்துல் காதர் உள்ளிட்ட சிலர் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். ராத்திரியில் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ரப்பர் படகு, முன்பின் தெரியாத கடற்கரைக் கிராமம், கேள்வி கேட்கிற ஊர்க்காரர்கள். ஃபேபர் கதையில் நாம் மூச்சுப் பிடித்துப் படித்த அத்தனையும் இங்கே இருக்கிறது. பிடிக்கிறவர் யார், துரோகி யார், தியாகி யார் என்ற கணக்கு மட்டும் தலைகீழ். இதை முழுநீள நாவலாக யாராவது எழுத வேண்டும் என்று வெகுகாலமாக ஆசைப்படுகிறேன்.

தமிழில் இப்போதைக்குக் கையில் எடுக்க வேண்டியது ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. 1972-இல் வெளிவந்தது. சிங்கம்புணரியில் பிறந்து, போர்க்காலத்தில் இந்தோனேசியாவில் வாழ்ந்தவர் எழுதியது. மெடானுக்குள் ஜப்பானியப் படை நுழைவதைத் தெருவோரம் நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் கதை தொடங்குகிறது. நாயகன் பாண்டியன் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான். இது திகில் நாவல் என்ற அடுக்கில் வைக்கிற புத்தகம் இல்லை. மலாய்ச் சொற்களும் செட்டித்தெருப் பேச்சும் மதுரை நினைவுகளும் கலந்து ஓடும். முதல் சில அத்தியாயங்களில் பொறுமை வேண்டும். ஐரோப்பிய நாவல்களை முடித்துவிட்டு இதற்கு வந்தால், ஒவ்வோர் ஆளிடமும் ‘இவன் யார் பக்கம்?’ என்று கேட்டுப் படிக்கும் பழக்கம் உங்களிடம் ஏற்கெனவே வந்திருக்கும். பாண்டியன் பினாங்கு போய்ச் சேர்ந்த பிறகு வரும் அத்தியாயங்களை அந்தப் பழக்கத்தோடு படித்துப் பாருங்கள்.